முடக்குவாத மருந்துகளும் உயிரணுக்களிடைச் செய்தியும்

ரப்பர் மரத்தின் பால் விடியுமுன் நன்கு வழியும். வெயில் ஏற ஏற மரத்தினுள்ளே நீரழுத்தம் தாழ்ந்து, சீவிய பட்டையில் வழியும் பாலும் குறையும். இதனால்தான் நம் தோட்டங்களில் பெரட்டு மணி இருட்டோடு இருட்டாக ஒலித்தது. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896-இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் உருவாக்கினார். பின்னர் புக்கிட் அசஹானில் அது பெருந்தோட்டமாய் விரிந்தது. அன்று தொட்டுச் செம்பனை வந்து ரப்பரை ஒதுக்கும்வரை, இம்மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு விடியற்காலை விரல்களை நம்பியே நடந்தது.

அந்த விரல்களை அந்த வேளையிலேயே பிடித்து நிறுத்தும் நோய் ஒன்று உண்டு. காலையில் கண் விழித்ததும் இரு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் வீங்கி விறைத்து நிற்கும். கத்தியைப் பற்ற முடியாது. மங்கைத் துடைத்து வைக்க முடியாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சென்ற பிறகே விறைப்பு மெல்லத் தளரும். பெரட்டில் பெயர் கூப்பிடும் கங்காணிக்கு இது சோம்பலாகத் தெரிந்திருக்கும். பத்து மணிக்கு நன்றாக நடமாடும் பெண் ஐந்து மணிக்கு மட்டும் எழ முடியவில்லை என்றால் யார் நம்புவர்? அந்நோயின் பெயர் முடக்குவாதம். அதற்குத் தரப்படும் மருந்துகள் உடலினுள்ளே எங்குச் சென்று, எதனைத் தடுத்து, எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை இவ்வுரையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ‘வாதம்’ என்னும் சொல் நம் மருத்துவ மரபில் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றனுள் ஒன்று. பேச்சு வழக்கில் அது ‘வாய்வு’ என்றாகி, மூட்டில் எங்கு வலித்தாலும் ‘வாய்வுப் பிடிப்பு’ என்று முடிந்துவிடுகிறது. பூண்டு தின்றால் போதும், உருளைக்கிழங்கை விட்டால் போதும் என்னும் அறிவுரையும் உடன் வருகிறது. பழம்பெயரில் குறையொன்றுமில்லை, வேறுவேறு நோய்களை அப்பெயர் ஒன்றாக மூடிவிடுவதே இடர். பல ஆண்டு உழைப்பால் முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து வரும் வலி மூட்டுத் தேய்மானம் எனப்படும். அது பெரும்பாலும் உழைக்க உழைக்க வலிக்கும், ஓய்வில் தணியும். முடக்குவாதம் அதற்கு நேர்மாறாக ஓய்வில் இறுகி, அசைவில் தளரும். தேய்மானத்தில் மூட்டு பழுதடைகிறது. முடக்குவாதத்திலோ உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் மூட்டின் உட்சவ்வையே பகையெனக் கொண்டு தாக்குகின்றன. பெண்களிடையே இது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. உழைக்கும் நடுவயதிலேயே பலருக்குத் தொடங்குகிறது.

மலேசியாவில் இந்நோய்க்கு மருத்துவமனைக்கு வருவோருள் இந்தியரின் பங்கு, மக்கள்தொகையில் நம் பங்கைவிட மிகுதி எனப் பல ஆய்வுகள் குறித்துள்ளன. மரபணுக் கூறு இதில் ஒரு பகுதி. வாழ்க்கைச் சூழல் மற்றொரு பகுதி. தீவகற்ப மலேசியாவில் முடக்குவாதம் புதிதாகக் கண்டறியப்பட்ட 910 பெண்களையும், அவர்களுக்கு ஈடான நலமுள்ள 910 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, ஆடைத் தொழிலின் நூல் தூசைச் சுவாசித்தவர்க்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டது. நோய் முதலில் முளைவிடும் இடம் மூட்டாக இல்லாமல் நுரையீரலாகவும் இருக்கலாம் என்னும் கருத்துக்கு இது வலிவூட்டுகிறது. புகைபிடித்தலும் அவ்வழியே தீங்கு செய்கிறது.

இனி உயிரணுக்களின் பேச்சுக்கு வருவோம். வெள்ளணுக்களுக்குக் கண்ணும் காதும் இல்லை. அவை ஒன்றோடொன்று சிறு புரதங்களைக் கொண்டே பேசுகின்றன. ஓர் அணு புரதத்தை வெளியே விடும். அது மிதந்து சென்று மற்றோர் அணுவின் மேற்பரப்பிலுள்ள ‘ஏற்பி’யில் பொருந்தும். பொருந்தியதும் அந்த அணுவினுள்ளே ஒன்றை ஒன்று தட்டியெழுப்பும் தொடர்வினை நிகழ்ந்து, செய்தி உட்கருவை அடையும். அங்கே மரபணுக்கள் சில விழித்துப் புதிய புரதங்களை ஆக்கத் தொடங்கும். ஆங்கிலத்தில் ‘சிக்னல்’ எனப்படும் இதனைச் சமிக்ஞை என்பாரும் குறிகை என்பாரும் உளர். நாம் ‘செய்தி’ என்றே சொல்லிக்கொள்வோம். மாணவர்க்கு அது எளிது.

பழைய தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பார்த்தால் இவ்வமைப்பு முழுவதும் விளங்கும். ஆப்பீசில் துரை முடிவு செய்வார். கிராணி எழுதுவார். கங்காணி லயத்து வாசலில் நின்று குரல் கொடுப்பார். வீட்டினுள்ளே ஒருவர் மற்றவரை எழுப்புவார். வேலை முடிந்தால் அன்றைய குரலும் முடிந்தது. முடக்குவாதத்திலோ, வேலையே இல்லாதபோதும் கங்காணி ஓயாமல் கூவிக்கொண்டேயிருக்கிறார். எழுந்து வந்த ஆட்கள் செய்ய வேறு வேலையின்றித் தம் லயத்தின் சுவரையே இடிக்கத் தொடங்குகின்றனர்.

அந்தக் கூவலில் முதன்மையானது டி.என்.எஃப். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புரதம். மூட்டுச் சவ்விலுள்ள பெருவிழுங்கணுக்கள் இதனை வெளிவிடுகின்றன. இது அடுத்த அணுவின் ஏற்பியைத் தொட்டதும், அவ்வணுவினுள் கட்டிவைக்கப்பட்டிருந்த என்.எஃப்.கப்பா-பி என்னும் புரதம் கட்டவிழ்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கு அது திறந்துவிடும் மரபணுக்களுள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 முதலிய வேறு செய்திப் புரதங்களின் மரபணுக்களும் உண்டு. மேலும் டி.என்.எஃப். ஆக்கும் மரபணுவும் அவற்றுள் ஒன்று. ஒரு கூவல் பல கூவல்களைப் பிறப்பித்து, தன்னையும் பெருக்கிக்கொள்கிறது.

இன்டர்லூக்கின்-6 மூட்டோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைந்து, சி.ஆர்.பி. என்னும் புரதத்தை ஆக்கச் செய்கிறது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்து ‘சி.ஆர்.பி. கூடியிருக்கிறது’ என்று சொல்லும்போது, உண்மையில் இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்கு அனுப்பிய கடிதத்தையே படித்துச் சொல்கின்றனர். உடல் இரும்பைப் பயன்படுத்துவதையும் அது தடுப்பதால் சோகை உண்டாகிறது. நோயாளியின் தீராக் களைப்புக்கு அதுவும் ஒரு காரணம். இரவின் பின்யாமத்தில் இதன் அளவு உயரும். அழற்சியை அடக்கும் உடலின் சொந்த இயக்குநீராகிய கார்ட்டிசால் முன்னிரவில் தாழ்ந்திருக்கும். பெரட்டு வேளையில் விரல்கள் விறைத்ததன் விளக்கம் இதுவே. சோம்பல் என்று எழுதிய குறிப்புகளைத் திருத்த இன்று வழியில்லை.

சவ்வு தடித்துப் பெருகப் பெருக, எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்கும் செய்தி செல்கிறது. அவை மூட்டின் ஓரத்தை அரிக்கின்றன. விரல்கள் கோணுவது அதன்பின். அரித்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே முதல் சில மாதங்கள் மிக இன்றியமையாதவை.

மருந்துகளை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வலி மாத்திரைகளை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். டைக்குளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. இதனை 1971-இல் கண்டுரைத்த ஜான் வேன் 1982-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். வலியும் வீக்கமும் ஓரளவு குறையும். ஆனால் டி.என்.எஃப். கூவிக்கொண்டேதான் இருக்கும், எலும்பு அரிப்பும் நிற்காது. வலியின்றி மூட்டு அழிவது வலியோடு அழிவதினும் கொடிது என்றே சொல்லலாம், ஏனெனில் மருத்துவரிடம் செல்லும் எண்ணமே எழாது.

இரண்டாவது மருந்தின் கதை தோட்டங்களுக்கு மிக நெருக்கமானது. மலாயாத் தோட்டங்களின் பெருங்கொல்லி மலேரியாக் காய்ச்சல். கொசு வளரும் நீர்நிலைகளை வடிக்கும் பணியை மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் தொடங்கினார். அதனோடு தொழிலாளர்க்குக் குவினைன் என்னும் கசப்பு மருந்தும் கொடுக்கப்பட்டது. 1942-இல் ஜாவா ஜப்பானியர் வசமானபோது உலகின் குவினைன் மரப்பட்டையில் மிகப் பெரும் பகுதி நேச நாடுகளுக்குக் கிட்டாமற்போயிற்று. அவர்கள் தம் படைவீரர்க்கு மெப்பாக்கிரின் என்னும் செயற்கை மருந்தைக் கொடுத்தனர். போருக்குப்பின், 1951-இல், அம்மருந்து லூப்பஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயின் தோற்புண்களை ஆற்றுவதை ஃபிரான்சிஸ் பேஜ் என்னும் மருத்துவர் அறிவித்தார். அவ்வழியில் குளோரோகுயினும், அதனினும் நச்சுத்தன்மை குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினும் மூட்டு நோய்க்கு வந்தன. பாட்டனார் காய்ச்சலுக்கு விழுங்கிய மருந்துக்கு மாற்றாகப் பிறந்த மாத்திரையைப் பேத்தி விரல் வீக்கத்துக்கு விழுங்குகிறார்.

அணுவினுள் ‘இலைசோசோம்’ எனப்படும் அமிலப் பைகள் உள்ளன. உள்ளே வரும் பொருள்களை அவை சிதைத்து, துண்டுகளை அணுவின் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்க உதவுகின்றன. அத்துண்டுகளைக் கண்டே பிற வெள்ளணுக்கள் ‘இது பகை’ என முடிவு செய்கின்றன. ஹைட்ராக்சிகுளோரோகுயின் அப்பைகளில் போய்த் தங்கி, அமிலத்தன்மையைக் குறைக்கிறது. சிதைவு மந்தமாகிறது, காட்சியும் மங்குகிறது. அப்பைகளினுள் இருந்து அயல் மரபுப்பொருளை மோப்பம் பிடிக்கும் ஏற்பிகள் சிலவும் அடங்குகின்றன. செய்தி எழுதப்படும் சீட்டையே இம்மருந்து மங்கச் செய்கிறது எனலாம். இது மென்மையான மருந்து. உடலின் காவலைப் பெரிதும் குலைப்பதில்லை. நெடுங்காலம் உண்போர் கண்ணின் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மெத்தோடிரெக்சேட். இன்று உலகெங்கும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுவே. ஆதலின் இங்குச் சற்று நிற்போம். இதன் பின்னே சென்னையில் பயின்ற ஒருவர் நிற்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தி வந்ததால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டுத் தாழ்ந்த தகுதிச் சான்றே பெற்றார் என அவர் வரலாறு கூறும். 1920-களில் அமெரிக்கா சென்றார். பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிற்று. பம்பாய் ஆலைப் பெண்களின் கருவுற்ற காலச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றில் இருப்பதாக 1930-களின் தொடக்கத்தில் சுட்டிக்காட்டிய சத்தும் அதுவே. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் போலிப் பொருள்களையும் சுப்பாராவின் குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1948-இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். சுப்பாராவ் அவ்வாண்டே மறைந்தார். 1951-இல் அப்போலி மருந்து மூட்டு நோய்க்கும் பயன்படுவது அறிவிக்கப்பட்டது. எனினும் அதனைப் பொருட்படுத்துவார் இலர். முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் 1980-களில்தான் வந்தன. 1988-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நடுவில் கழிந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை விரல்கள் கோணின என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவில் இம்மருந்து அணுக்கள் பெருகுவதையே தடுக்கும். மூட்டு நோய்க்குக் கொடுப்பதோ மிகச் சிறிய அளவு, அதுவும் வாரத்திற்கு ஒருமுறை. அச்சிறிய அளவில் நிகழ்வது வேறு. அணுவினுள் புகுந்த மெத்தோடிரெக்சேட் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதன் விளைவாக அடினோசின் என்னும் பொருள் அணுக்களுக்கு வெளியே கூடுகிறது. அடினோசின் உடலின் அமைதிச் செய்தி. வெள்ளணுக்களின் மேலுள்ள அதற்குரிய ஏற்பியில் அது பொருந்தினால், அவ்வணு டி.என்.எஃப். வெளிவிடுவதைக் குறைக்கிறது. கங்காணியின் வாயைப் பொத்தாமல், லயத்துப் பெரியவர் ஒருவரை எழுப்பி ‘போதும், உள்ளே போங்கள்’ என்று சொல்லவைப்பது போன்றது இது. இதே அடினோசின் மூளையில் அயர்வைத் தருவது. காலையில் நாம் அருந்தும் கோப்பி அந்த ஏற்பியை மறைத்தே நம்மை விழிக்கச் செய்கிறது. அப்படியாயின் கோப்பி இம்மருந்தைக் கெடுக்குமோ என ஆய்ந்தோர் ஒருமித்த விடை காணவில்லை. மெத்தோடிரெக்சேட் வேறு வழிகளிலும் வேலை செய்கிறது. 2015-இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று, பழ ஈயின் அணுக்களில் தொடங்கி, இது பின்னர் நாம் கூறவிருக்கும் ‘ஜாக்’ வழியையும் அடக்குவதைக் கண்டது.

வாரத்திற்கு ஒருமுறை ஏன்? அணுவினுள் சென்றதும் இம்மருந்தின்மேல் குளுட்டமேட் என்னும் சிறு மூலக்கூறுகள் வாலெனச் சேர்க்கப்படுகின்றன. வால் நீண்ட மருந்து வெளியேற முடியாமல் வாரக்கணக்கில் உள்ளேயே தங்கும். எனவே நாள்தோறும் ஊட்ட வேண்டுவதில்லை. அத்தகைய சேமிப்பு நிறைந்து பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரத்தில் ‘இந்த மருந்து கேட்கவில்லை’ என்று எறிந்துவிடுவோர் பலர். சேமிப்பு தொடங்கும்போதே அதனை உடைத்துவிடுகின்றனர். குமட்டல், வாய்ப்புண் போன்றவற்றைக் குறைக்க ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படும். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிப்பர். கருவுற்றவரும் கருவுற எண்ணுவோரும் இதனை உண்ணலாகாது.

நான்காவது ஸ்டீராய்டு. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்பவர் கார்ட்டிசோனை முடக்குவாத நோயாளி ஒருவர்க்குச் செலுத்தினார். படுக்கையிலிருந்த பெண் சில நாள்களில் நடந்தார். 1950-இல் ஹென்ச்சும் வேறிருவரும் நோபெல் பரிசு பெற்றனர். நாம் அறிந்த பிரெட்னிசோலோன் அக்குடும்பத்தது. இம்மருந்து அணுவின் மேலுறையைத் தாண்டி உள்ளே சென்று, அங்குக் காத்திருக்கும் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள்ளேயே நுழைகிறது. அங்கு என்.எஃப்.கப்பா-பி மரபணுக்களைத் திறப்பதைத் தடுக்கிறது. கங்காணியைத் தேடிச் செல்லாமல் நேரே ஆப்பீசுக்குள் புகுந்து பேரேட்டை மூடிவிடுகிறது. பயன் விரைவில் தெரியும். ஆனால் அதே ஆப்பீசில் எலும்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், தசை எல்லாவற்றின் கணக்கும் இருக்கின்றது. நெடுநாள் உண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு ஏற்கனவே மிகுதி என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடல் தன் கார்ட்டிசால் ஆக்கத்தை நிறுத்திக்கொள்ளும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் இரண்டும் இல்லாத நிலை உண்டாகி உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே மருத்துவர் இதனைச் சிறுகச் சிறுகவே குறைப்பார்.

இவ்விடத்தில் ஜாமு பற்றிப் பேசாமல் செல்ல இயலாது. பாசாரிலும் சந்தைகளிலும், தெரிந்தவர் வழியாகவும், மூட்டுவலிக்கென்று பதிவில்லாத மாத்திரைகளும் தூள்களும் விற்கப்படுகின்றன. இவற்றுள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் வலிமைமிக்க ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டறிந்து எச்சரித்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்தது, பசி எடுத்தது, முகம் பொலிவாயிற்று என்று உண்டவர் மகிழ்வார். அவையெல்லாம் ஸ்டீராய்டின் அடையாளங்கள். மூலிகை என நம்பி உண்பவர், தாம் ஸ்டீராய்டு உண்பதை அறியார். ஆதலால் சிறுகச் சிறுகக் குறைக்கவும் அறியார். பொட்டலம் தீர்ந்த அன்றே நின்றுவிடும். மூலிகை மருத்துவத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. மூலிகையின் பெயரில் வேறொன்றை விற்பவனே அதற்கும் பகைவன்.

அடுத்து வந்தவை உயிரியல் மருந்துகள். செய்திப் புரதங்கள் பல இருக்க, ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன், மற்றவை அதன் வேலையைச் செய்யுமே என்பதே 1980-களில் பலரின் எண்ணம். இலண்டனில் மார்க் ஃபெல்ட்மன் என்பவரும், லூதியானாவில் பிறந்த இரவீந்தர் மைனி என்பவரும் நோயாளிகளின் மூட்டுச் சவ்வு அணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்துப் பார்த்தனர். இன்டர்லூக்கின்-1 முதலியவையும் சேர்ந்தே தாழ்ந்தன. கூவல்கள் பலவாயினும் தலைமைக் கங்காணி ஒருவரே என்பது 1989-இல் வெளிவந்த அவ்வாய்வால் புலனாயிற்று. 1992-இல் நோயாளிகளுக்கு முதன்முதலாக அம்மருந்து செலுத்தப்பட்டது. இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் என்பவை இவ்வகையின. இவை அணுவினுள் புகுவதில்லை. வெளியே மிதந்து வரும் டி.என்.எஃப்.-ஐ வழியிலேயே பற்றிக்கொள்கின்றன. குரல் எழுந்தாலும் காதை எட்டாது. மாத்திரையாக உண்டால் குடலில் செரித்துவிடும் புரதங்கள் ஆதலால் ஊசியாகவே போட வேண்டும். விலையும் மிகுதி. மெத்தோடிரெக்சேட் முதலியவை பயன்தராதபோதே பெரும்பாலும் இவற்றை நாடுவர்.

ஆனால் டி.என்.எஃப். வீணுக்குப் படைக்கப்பட்டதன்று. காசநோய்க் கிருமி நுரையீரலில் புகுந்தால் வெள்ளணுக்கள் அதனைச் சுற்றி அரண் கட்டிச் சிறைவைக்கின்றன. அக்கிருமி பல்லாண்டுகள் சாகாமல் அதனுள் உறங்கும். அரண் இடியாமல் காப்பது டி.என்.எஃப். இடும் இடையறாத செய்தியே. அதனைத் தடுத்த சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய கிருமி வெளிவந்து பரவியதைப் பல நாட்டு மருத்துவர்கள் கண்டனர். 2001-இல் 70 நோயாளிகளின் குறிப்பு ஒன்று வெளிவந்தது. மலேசியாவில் ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டோர்க்குக் காசநோய் பதிவாகிறது. நெருக்கடியான லயங்களில் பிறந்து வளர்ந்த முதியவர்க்கு, இளமையில் உள்ளே புகுந்த கிருமி இன்றும் உறங்கிக்கொண்டிருக்கலாம். இம்மருந்தைத் தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கேட்பது இதனால்தான். வீட்டில் யாருக்கேனும் முன்பு காசநோய் இருந்ததா என்று மருத்துவர் கேட்கும்போது வெட்கப்பட்டு மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இங்கு அவ்வெட்கம் உயிரைக் குடிக்கும்.

இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் ஜப்பானில் பிறந்தது. ஒசாகாவின் கிஷிமோட்டோ குழுவினர் இப்புரதத்தை 1986-இல் இனங்கண்டனர். முன்னே சி.ஆர்.பி. பற்றிக் கூறியதை மாணவர் நினைவுகூர்ந்தால் ஒரு சிக்கலைத் தாமே உணர்வர். இம்மருந்து பெறுவோர்க்குத் தொற்று ஏற்பட்டாலும் கல்லீரலுக்குக் கடிதம் போகாது, சி.ஆர்.பி. உயராது, காய்ச்சலும் மட்டாகவே தோன்றலாம். ஆகவே இவர்கள் சிறு இருமலையும் புண்ணையும் பொருட்படுத்த வேண்டும்.

கடைசியாக ‘ஜாக்’ தடுப்பிகள். இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திகள் ஏற்பியைத் தொட்டதும், அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜாக் என்னும் நொதிகள் விழிக்கின்றன. அவை ஸ்டாட் என்னும் புரதங்களுக்குப் பாஸ்பேட்டு என்னும் முத்திரை குத்துகின்றன. முத்திரை பெற்ற ஸ்டாட்டுகள் இரண்டிரண்டாய் இணைந்து உட்கருவுக்குச் செல்கின்றன. ஜாக் என்பது முன்னும் பின்னும் முகமுடைய ரோமானியத் தெய்வம் ஜானசின் பெயரால் வந்தது. ஆராய்ச்சியாளர் சிலர் ‘இன்னுமொரு நொதி’ என்னும் பொருளில் கேலியாக வைத்த சுருக்கம் என்றும் கூறுவர். 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபாசிட்டினிப் அம்முத்திரையைக் குத்தவிடாமல் தடுக்கிறது. குரல் காதை எட்டும், வீட்டினுள்ளே யாரும் அசையார். சிறிய மூலக்கூறு ஆதலால் இதனை மாத்திரையாகவே விழுங்கலாம். ஒரே நொதியைப் பல செய்திகள் பயன்படுத்துவதால், தடை பலவற்றின்மேலும் விழுகிறது. அக்கிப் புண் எழுவது மிகுதி. ஐம்பது வயதைக் கடந்து இதய நோய் ஏதுக்கள் உள்ளோரிடம் மாரடைப்பும் புற்றும் டி.என்.எஃப். தடுப்பிகளைவிடச் சற்றுக் கூடுதல் எனப் பின்னர் வந்த பேராய்வு கண்டதால், இன்று ஆள் பார்த்தே கொடுக்கின்றனர்.

இவ்வளவு நுட்பமான மருந்தியலும் இறுதியில் ஒரு சிறு காகித உறையில் ஒட்டிய சீட்டை நம்பியே வீட்டிற்கு வருகிறது. அச்சீட்டு மலாய் மொழியில் இருக்கும். ‘செகாலி செமிங்கு’ என்றால் வாரத்திற்கு ஒருமுறை. ‘செகாலி செஹாரி’ என்றால் நாளுக்கு ஒருமுறை. மற்ற மாத்திரைகள் பலவற்றில் நாள்தோறும் உண்ணுமாறு எழுதியிருக்க, மெத்தோடிரெக்சேட்டில் முதலாவது எழுதியிருக்கும். அந்த மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் மஞ்சள் நிறம். மெத்தோடிரெக்சேட்டைத் தவறுதலாக நாள்தோறும் விழுங்கி, எலும்பு மச்சை இரத்த அணுக்களை ஆக்காமல் நின்று, வாயெல்லாம் புண்ணாகி இறந்தோர் உலகின் பல நாடுகளிலும் உண்டு. மருந்து அதேதான், அளவு மட்டுமே ஏழு மடங்கு.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் நான்காம் ஆண்டோடு படிப்பை நிறுத்திப் பால்வாளி தூக்கிய பாட்டிமார் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மஸ்ஜித் தானாவிலும் மெர்லிமாவிலும் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் தமிழெழுத்து அறிந்தோர் பலர். மலாய்ச் சீட்டைப் படிக்கத் தயங்குவோரும் பலர். பேரப்பிள்ளைகளோ இரண்டையும் படிப்பர். மருந்து வாங்கி வந்த மாலை, உறையின் மேல் ஒரு மாணவர் தடித்த எழுதுகோலால் ‘ஞாயிறு மட்டும்’ என்று தமிழில் எழுத அரை நிமிடம் போதும். எந்தக் கிழமை என்பதை மருந்தாளரிடமே கேட்டு எழுத வேண்டும். ஃபோலிக் அமிலத்துக்குரிய நாளையும் அவ்வாறே கேட்டு, மற்றோர் உறையில் எழுத வேண்டும்.